முன்னூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள்

“இத்தனை விலாசமும் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று ஸ்டோர்காரர் என்னிடம் கேட்டார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாட்டில் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விட்டதில்லை என்று சொல்வார்கள். அதனாலேயே சங்கத் தேர்தல் வந்தால் தேர்தல் குழுவுக்குத் தலைவராக அவரைக் கூப்பிடுவது வழக்கம். என்னிடம் அவர் கோபமாகக் கேட்கவில்லை. அலமாரியில் எத்தனை டப்பா மிச்சம் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

“ஞாபகத்துலேருந்து” என்றேன்.

“காதுல விழல. சத்தமா சொல்லும்மா.”

“ஞாபகத்துலேருந்து எழுதினேன்.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் என் மாமா, அம்மாவின் தம்பி. நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். ஒன்பது வருடம் முன்பு வரை கண்ணாடி உருக்கும் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். செயலாளர் ஆன பிறகு சங்க அலுவலகத்தில்தான் முழு நேரமும். தேர்தலில் தோற்றால் பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம். மாமாவுக்கு ஐம்பத்தாறு வயது. முட்டி இரண்டும் பேச்சுக் கேட்காது. உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார இடம் கிடையாது. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து அத்தை மட்டும் மாடிப்படி ஏறி இறங்கும் மாமாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நோட்டில் எழுதி நீட்டுவேன். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். மாமா என்னைச் சங்க அலுவலகத்தில் எழுதும் வேலைக்கு வைத்துக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் எழுதுவது நான். உறுப்பினர் வீட்டில் குழந்தை பிறந்தாலும், கல்யாணம் என்றாலும், சாவு விழுந்தாலும் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போகும். அதைக் கையால் எழுதுவதும் நான். உறுப்பினர் ரெஜிஸ்டர் நைந்து போனதால் அதை வருடத்துக்கு ஒரு முறை புது நோட்டில் பெயர்த்து எழுதுவதும் நான்தான். ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். தொழிற்சாலையில் எனக்கு ‘நோட்டீஸ்’ என்று பெயர். “என்ன நோட்டீஸ், இன்னிக்காவது வாயைத் திறப்பியா?” என்று லாரி ஓட்டுபவர்கள் கேட்பார்கள். நான் திறக்க மாட்டேன்.

தேர்தல் விதிகள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தன. அதையும் நான்தான் எழுதினேன். பொறுப்பில் இருப்பவர் மறுபடியும் நிற்கலாம், ஓட்டுக் கேட்கலாம். ஆனால் சங்க வேலை நேரத்தில் கேட்கக் கூடாது. சங்கத்தின் காகிதம், தொலைபேசி, நோட்டீஸ் போர்டு எதையும் தனக்காகத் தொடக் கூடாது. உறுப்பினர் பட்டியல் ஒரு வேட்பாளருக்குக் கிடைத்தால் மற்றவருக்கும் கிடைத்தாக வேண்டும். ஐந்தாவதும் கடைசியுமான விதி, பொறுப்பில் இருப்பதால் தெரிந்துகொண்ட விஷயத்தைத் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினால் வேட்பாளர் பெயர் நீக்கப்படும் என்றது.

மாமா அந்த விதிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து நடந்தார். யாராவது அலுவலகத்துக்குள் வந்து தேர்தல் பேச்சை எடுத்தால் உடனே எழுந்துவிடுவார். வருகைப் பதிவில் வெளியே போகும் நேரத்தை எழுதுவார். சட்டையிலிருந்து சங்க பேட்ஜைக் கழற்றி மேஜைக்குள் வைப்பார். தெருவைத் தாண்டி எதிரில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொண்டு, “இப்ப கேளு” என்பார்.

“ஏன் அண்ணே, அந்தப் பக்கம் நின்னா செயலாளர், இந்தப் பக்கம் நின்னா வேட்பாளரா? நடு ரோட்டுல நின்னா யாரு?” என்று கேட்டான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன்.

“நடு ரோட்டுல நின்னா லாரி அடிச்சுப் போட்டுரும். வா இந்தப் பக்கம்.”

ஒரு நாளில் பதினைந்து முறை தெருவைத் தாண்டினார். முட்டி வலியோடு.

எதிர்த்து நின்றது செக்கிங் அக்கா. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடும் பாட்டில்களில் கீறலும் குமிழும் பார்ப்பது அவர் வேலை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். இந்தச் சங்கத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் செயலாளர் பதவிக்கு நின்றதில்லை. நின்றவுடன் அவர் முதலில் செய்த காரியம், அலுவலகத்துக்கு வந்து உறுப்பினர்களின் விலாசப் பட்டியலைக் கேட்டது.

“எனக்கே கிடையாதும்மா” என்றார் மாமா. “ரெண்டு பேருக்கும் கிடையாது. அதான் சமம்.”

“உங்களுக்கு எதுக்குப் பட்டியல்? ஒன்பது வருஷமா எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டீங்க” என்றார் அக்கா.

மாமா எழுந்து பேட்ஜைக் கழற்றப் போனார்.

“வேண்டாம் அண்ணே, உட்காருங்க. உங்க முட்டியை எதுக்கு நான் படுத்தணும்” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் அத்தை ஒரு கட்டுக் கவரையும் ஸ்டாம்பையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மாமா ஓட்டுக் கேட்கும் கடிதத்தைத் தன் செலவில் அச்சடித்து வைத்திருந்தார். கவர், ஸ்டாம்ப், பசை எல்லாம் வீட்டுக் காசு.

“மேல விலாசம் மட்டும் எழுதிக் குடு. ஒட்டுறது என் பொறுப்பு” என்றாள்.

“விலாசம் எங்க இருக்கு அத்தை?”

“எனக்கா தெரியும்? நீதான வருஷா வருஷம் எழுதுற.”

ஒன்று என்ற உறுப்பினர் எண்ணை நினைத்தேன், விலாசம் வந்தது. இரண்டு, வந்தது. நான் இதற்கென்று எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஆறு முறை எழுதியதில் கை படித்து வைத்திருந்தது. அறுபதாவது கவர் எழுதும்போது மாமா கதவருகில் வந்து நின்றார்.

“ரெஜிஸ்டர் வீட்டுக்கு வந்துச்சா?”

“இல்ல மாமா.”

“காப்பி ஏதாவது?”

“இல்ல. ஞாபகம்தான்.”

யோசித்தார். “ஞாபகத்தை எங்க கொண்டுபோய்ப் பூட்டி வைக்கிறது? சரி, எழுது” என்றார். போகவில்லை. எழுதிய கவர்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பது வருடப் பழக்கம் அது. சங்கத்திலிருந்து எந்தக் கடிதம் கிளம்பினாலும் விலாசம் சரிதானா என்று அவர் பார்த்த பிறகுதான் தபாலுக்குப் போகும். நாற்பத்தொன்றாவது கவரில் நிறுத்தினார்.

“இவன் இப்ப அங்க இல்ல. பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னாடி லாட்ஜ் இருக்குல்ல, அதுல மாடி, ஆறாம் நம்பர் ரூம். மாத்தி எழுது” என்றார்.

நான் அந்தக் கவரைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். மாமா அதை வாங்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கவர்க் கட்டுக்குள் செருகினார். அத்தை ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அன்றைக்கு அதைப் பற்றி வேறு எதுவும் நினைக்கவில்லை.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் செக்கிங் அக்கா தேர்தல் குழுவுக்குப் புகார் கொடுத்தார். என் கையெழுத்து எல்லாருக்கும் தெரிந்த கையெழுத்து. ஆறு வருடமாக நோட்டீஸ் போர்டில் பார்ப்பது. பட்டியல் யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் கடிதம் எப்படிப் போனது என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை காலை விசாரணை என்று குழு சொன்னது. அந்த நோட்டீசையும் நான்தான் போர்டில் எழுதினேன்.

சனிக்கிழமை கிளம்பும்போது அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“விலாசம் ஞாபகத்துல எழுதினேன்னு சொல்லு. அது உண்மை. அந்த லாட்ஜ் பேச்சு வந்தா மட்டும், ஆபீஸ் மேஜை மேல ஒரு சீட்டுல பார்த்தேன்னு சொல்லிடு.”

“அப்படி ஒரு சீட்டு இல்லியே அத்தை.”

“இருந்துச்சுன்னு சொல்றதுக்கு என்ன? மிஞ்சிப் போனா உன்னை வேலையை விட்டு நிக்கச் சொல்வாங்க. வீட்ல இரு, நான் சோறு போடுறேன். அவரை நிக்கச் சொன்னா எங்க போய் நிப்பாரு தெரியும்ல?”

பக்கத்தில் மாமா முகம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் குழாய் திறந்தது.

விசாரணை தொழிற்சாலைக் கேன்டீனில் நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்காரரும் குழுவின் மற்ற இரண்டு பேரும். இந்தப் பக்கம் ஒரு முனையில் மாமா, மறு முனையில் செக்கிங் அக்கா. ஷிஃப்ட் முடிந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஞாபகத்திலிருந்து எழுதினேன் என்று நான் சொன்னதும் சிரித்தது அவர்கள்தான்.

ஸ்டோர்காரர் ரெஜிஸ்டரைத் திறந்தார்.

“நூத்திப் பதினாலு” என்றார்.

“ரயில் பாதைத் தெரு, பதினேழு, மாடி.”

“இருநூத்தி அறுபது.”

“பாலத்தடி, நாலாவது வரிசை, ஒன்பது. தபால் பக்கத்து வீட்டுல குடுக்கணும்.”

“முப்பத்தி மூணு.”

“தண்ணித் தொட்டி சந்து, கடைசி வீடு. நாய் இருக்கு.”

“நாய் கூடவா ரெஜிஸ்டர்ல இருக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“இருக்கு” என்றார் ஸ்டோர்காரர், பக்கத்தைப் பார்த்தபடி.

இருபது எண்கள் கேட்டார். இருபதும் சரியாக இருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. நான் மேஜையின் மூலையில் உடைந்திருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஆட்கள் முன்னால் பேசியதில்லை. எண்ணும் விலாசமும் என்பதால் பேச முடிந்தது.

“என்னம்மா சொல்றீங்க?” என்று ஸ்டோர்காரர் செக்கிங் அக்காவைக் கேட்டார்.

“பொண்ணு பொய் சொல்லல” என்றார் அக்கா. “ஆனா அவ தலைக்குள்ள இருக்கிறதும் இந்த ரெஜிஸ்டர்தான். அதைத் திறக்க ஒருத்தர் வீட்டுக்கு மட்டும் சாவி இருக்கு.”

மூன்று பேரும் தலையைக் குனிந்து பேசிக்கொண்டார்கள். விதியில் மனப்பாடத்தைப் பற்றி எதுவும் இல்லை என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் ஸ்டோர்காரர் நிமிர்ந்தார். இதைப் பட்டியல் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறோம், ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்கும் கிடைக்க வேண்டும், ஆகவே இந்தப் பெண் வேட்பாளர் அக்காவுக்கும் முன்னூற்றுப் பன்னிரண்டு கவர் எழுதித் தர வேண்டும், அதற்கு வசதியாகத் தேர்தல் ஒரு வாரம் தள்ளிப் போகிறது என்றார்.

“எழுதித் தருவியா நோட்டீஸ்?” என்று அக்கா கேட்டார்.

தலையாட்டினேன்.

“கவர் நல்லதா வாங்கித் தரேன். மை ஊறாது.”

ஆட்கள் எழுந்து நாற்காலிகளை இழுக்கத் தொடங்கினார்கள். மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். உலைப் பக்கம் வேலை செய்பவர். உறுப்பினர் எண் நாற்பத்தொன்று. உலையில் சூடு ஏறினால் மணி அடிப்பதற்கு முன்பே கத்துவார் என்பதால் அவருக்கு ‘அலாரம்’ என்று பெயர். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“எனக்கும் ஒண்ணு கேக்கணும். என் வோட்டு அண்ணனுக்குத்தான், அதுல மாத்தம் இல்ல. ஆனா இது எப்படி எனக்கு வந்துச்சுன்னு தெரியணும்.”

“எல்லாருக்கும் வந்த மாதிரிதான் வந்திருக்கும்” என்றார் ஸ்டோர்காரர்.

“எல்லாருக்கும் வீட்டுக்கு வந்துச்சு. எனக்கு லாட்ஜுக்கு வந்திருக்கு.” கவரைத் திருப்பி விலாசத்தைக் காட்டினார். “வீட்ல சண்டை. வெளிய வந்துட்டேன். மச்சான்மார் தேடிட்டு இருக்காங்க. ஆபீஸ்லேருந்து அவசரம்னா ஆள் அனுப்பணுமேன்னு, அண்ணன் காதுல மட்டும்தான் போட்டேன். ஆபீசுக்குள்ள, கதவைச் சாத்திட்டுச் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது. இந்தக் கவர் ரெண்டு நாளா லாட்ஜ் கவுன்டர்ல என் பேரோட கிடந்திருக்கு. போறவன் வர்றவன் எல்லாம் பார்த்திருக்கான்.”

ஸ்டோர்காரர் கவரை எடுத்தார். ரெஜிஸ்டரில் நாற்பத்தொன்றைப் புரட்டினார். அங்கே பழைய வீட்டு விலாசம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

“இந்த விலாசம் உன் ஞாபகத்துல இருக்க வழியில்லை. இதை உனக்கு யார் சொன்னது?” என்று ஸ்டோர்காரர் என்னைக் கேட்டார்.

மேஜையில் ஒரு சீட்டு. மூன்று சொற்கள்தான். அதைச் சொல்வதற்கு எனக்குப் பயமில்லை. சொன்னால் நம்பியிருப்பார்கள். கேன்டீனில் இருந்த எல்லாரும் நம்ப விரும்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன், கவரைக் கொண்டுவந்தவரும் சேர்த்து. மாமா என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

ஆனால் சீட்டு என்று சொன்னால், இந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை மாமா எழுதி மேஜை மேல் போட்டுவிட்டுப் போனார் என்று ஆகும். மாமா ஒரு நாளும் அப்படிச் செய்தவரில்லை. ஆறு வருடம் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். யார் என்ன சொல்லிவிட்டுப் போனாலும் எனக்கே தெரிந்ததில்லை.

“மாமா சொன்னாங்க” என்றேன்.

இந்த முறை சத்தமாகச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “செயலாளர் என்ன சொல்றீங்க?”

“ஆமா” என்றார் மாமா. “நான்தான் சொன்னேன். தப்பான விலாசம்னு தெரிஞ்சுது. வாய் சும்மா இருக்கல.”

“அஞ்சாவது விதி உங்களுக்குப் படிச்சுக் காட்டணுமா?”

“வேண்டாம். அந்த விதியை உருவாக்கினப்போ குழுவுல நானும் இருந்தேன்.”

செக்கிங் அக்கா எழுந்தார். “இருங்க. எனக்கு இப்படி வேண்டாம். ஒரு கவர்தான? பாட்டில்ல ஒரு குமிழ் இருக்குன்னு உலையையே அணைப்பாங்களா? போட்டி இல்லாம செயலாளர் ஆனேன்னு நாளைக்கு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க.”

“குமிழ் இருந்தா நீங்க என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டார் ஸ்டோர்காரர்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். குமிழ் உள்ள பாட்டிலை உடைக்கிற தொட்டியில் போடுவார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

வேட்பாளர் பட்டியலில் மாமாவின் பெயர் மேல் ஸ்டோர்காரர் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். தேதி எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அலாரம் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “அண்ணே, நான் இதுக்காகக் கேக்கல” என்று இரண்டு முறை சொன்னார். மாமா அவர் தோளைத் தட்டினார்.

“கேட்டது நியாயம். லாட்ஜை மாத்திக்கோ. எங்கன்னு எனக்குச் சொல்லாதே.”

வீட்டுக்கு நானும் மாமாவும் நடந்துதான் போனோம். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போவதை இருவருமே கவனிக்கவில்லை. கோடவுன் சுவர் ஓரமாகப் பாதி தூரம் வந்த பிறகு மாமா பேசினார்.

“அந்த ஆறாம் நம்பரைச் சொன்னப்போ எனக்கு வோட்டு ஞாபகமே இல்ல. பழைய விலாசத்துக்குப் போனா அவன் வீட்ல பிரிப்பாங்களேன்னுதான் தோணுச்சு. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் மாமா.”

“அதை அங்க சொல்லியிருக்கலாம்.”

“கேக்கலியே.”

மாமா சிரித்த மாதிரி இருந்தது. பிறகு இருமினார்.

அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போவாள். எட்டாம் நாள், “சட்டையைக் காயப் போடு” என்றாள். அன்றிலிருந்து தேவையானதை மட்டும் பேசுகிறாள்.

எதிர்த்து நிற்க வேறு யாரும் வராததால் செக்கிங் அக்கா செயலாளர் ஆனார். நோட்டீஸ் போர்டில் அதை எழுதினேன். என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. “உன்னை அனுப்பிட்டா ரெஜிஸ்டரும் உன்கூடவே போயிடும், நான் இங்க வெறும் நோட்டை வெச்சுட்டு உக்காந்திருக்கணும்” என்றார்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் மாமா காலையிலேயே வந்தார். கோப்புகளை வரிசையாக வைத்துக் காட்டினார். எந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, நிர்வாகத்தில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். அக்கா நோட்டில் குறித்துக்கொண்டார். இடையில் இருவரும் எதற்கோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். நான் என் மேஜையில் ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து கையெழுத்தும் ஆனது.

“டீ சாப்பிட்டுப் போங்க அண்ணே. ஷிஃப்டுக்கு இன்னும் கால் மணி இருக்கு” என்றார் அக்கா.

மாமா வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். சுவரோரம் வைத்திருந்த பையைத் திறந்து, உலைப் பக்கம் போடும் தடித்த காலணியை எடுத்தார். இந்த ஒன்பது வருடத்தில் அது விறைத்துப் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ள நேரம் ஆயிற்று. நான் எழுந்து போய்க் குனிந்து நாடாவைக் கட்டினேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மேஜையைப் பிடித்து எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்வார் என்று அக்கா பேனாவைக் கீழே வைத்தார், நானும் காத்திருந்தேன். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய், உலை இருக்கும் பக்கம் திரும்பி நடந்தார்.